நல்ல நெல்லுக்கு இருக்கும் ஒரே குறை

கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய கொடைகளில் ஒன்று, யாரும் திட்டமிட்டு உண்டாக்காத ஒரு நெல். ஆத்தூர் கிச்சிலிச் சம்பாப் பயிருக்குள் தானாகவே மரபு மாறி நின்ற செடியிலிருந்து வந்தது அது. அரிசி சன்னம்; சோற்றுக்கு நல்ல ருசி. விதையைத் தனியே பிரித்துப் பெருக்கி 1921-இல் விவசாயிகளின் கைக்குக் கொடுத்தார்கள். அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற அன்றைய ஆங்கிலப் பதவிப் பெயரைச் சுருக்கி ஜி.இ.பி. 24 என்று அழைத்தார்கள்.

நூறு ஆண்டுகள் கடந்தும் அந்தச் செடியின் வம்சம் அறுபடவில்லை. டி.கே.எம். 6 ரகத்தின் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி. 24. டி.கே.எம். 6 வழியாக அது ஐ.ஆர். 20-க்குள் நுழைந்தது. ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாகி, பி.பி.டி. என்றும் ஆந்திரா பொன்னி என்றும் தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் விற்கும் பி.பி.டி. 5204-இன் பரம்பரையிலும் அதற்கு இடம் உண்டு. இந்த அவையில் இருப்பவர்களில் பலர் இன்று மதியம் சாப்பிட்ட சோற்றில் அந்த ஒரு செடியின் பங்கு இருந்திருக்கலாம்.

வயலில் தானாக நேரும் இப்படிப்பட்ட மாற்றத்தைச் சடுதிமாற்றம் என்கிறது மரபியல். அது அபூர்வமாகத்தான் நேரும். நேர்ந்தாலும், அதைக் கண்டு பிரித்தெடுக்கும் கண்கள் அந்த நேரத்தில் அந்த வரப்பில் இருக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் மாற்றங்களை நாமே உண்டாக்கி, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள முடியுமா? இருபதாம் நூற்றாண்டின் தானிய ஆராய்ச்சி இந்தக் கேள்விக்குப் பெரும் உழைப்பைச் செலவிட்டிருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, சடுதிமாற்றங்களின் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டலாம் என்று 1927-இல் காட்டினார். பின்னாளில், 1946-இல், அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஈக்களுக்குப் பொருந்துவது பயிருக்கும் பொருந்தும் என்று அடுத்த ஆண்டே மெய்ப்பித்தவர் மிசூரியைச் சேர்ந்த லூயிஸ் ஸ்டாட்லர். அவர் எடுத்துக்கொண்ட பயிர்கள் பார்லியும் மக்காச்சோளமும். வழியைத் திறந்தவரே அதன் பயனில் நம்பிக்கை வைக்கவில்லை என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி. கதிர்வீச்சால் விளையும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை சேதங்கள், மரபணு கெட்டுப்போவதால் வருபவை, பயிர் மேம்பாட்டுக்கு இவை பெரிதாக உதவா என்பது அவருடைய கருத்து.

ஸ்டாட்லர் சொன்னதில் பாதி முற்றிலும் சரி. கதிர்வீச்சு புதிய திறமை எதையும் பயிருக்கு எழுதிக் கொடுப்பதில்லை. பெரும்பாலும் இருக்கிற ஒன்றைக் கெடுக்கிறது. ஆனால் எல்லாக் கெடுதலும் விவசாயிக்குக் கெடுதலாகிவிடுமா? காட்டிலே பிழைப்பதற்காகச் செடி சேர்த்து வைத்திருக்கும் குணங்களில் சில, உரமிட்டு நீர்பாய்ச்சிய வயலில் தொல்லையாக முடிகின்றன. அளவுக்கு மீறிய உயரம் ஒன்று. பூப்பதற்கு நாள்கணக்கில் காத்திருப்பது இன்னொன்று. ஊரே விரும்பி உண்ணும் ஒரு ரகம், இப்படிப்பட்ட ஒரே ஒரு குறையால் வயலிலிருந்து விலகிப் போகிறது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் செயலிழக்கச் செய்ய முடிந்தால் அந்த ரகம் பிழைத்துக்கொள்ளும். கதிர்வீச்சுப் பயிர்ப்பெருக்கத்தின் உண்மையான இடம் இதுதான் என்பதே இந்தச் சொற்பொழிவின் வாதம்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். நன்றாக உலர்ந்த விதைகளைப் பொட்டலம் கட்டி, கோபால்ட் 60 வைத்த ஈயக் கவசமிட்ட கருவிக்குள் குறிப்பிட்ட நேரம் வைக்கிறார்கள். நெல்லுக்குப் பெரும்பாலும் 200 முதல் 300 கிரே வரை; கிரே என்பது உள்வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு. மனித உடல் முழுவதிலும் நான்கைந்து கிரே பட்டால் உயிர் தங்குவதே அரிது. உலர்ந்த விதை அதைப்போல் ஐம்பது மடங்கைத் தாங்கி முளைக்கிறது. அளவு கூடினால் விதைகள் மடியும், குறைந்தால் மாற்றம் போதாது. சில விஞ்ஞானிகள் கதிருக்குப் பதிலாக ஈத்தைல் மீத்தேன் சல்ஃபோனேட் என்ற வேதிப்பொருளின் கரைசலில் விதையை ஊறவைப்பார்கள். காமாக் கதிர் பல நேரங்களில் மரபிழையை வெட்டித் துண்டுகளை இழக்கச் செய்யும். வேதிப்பொருளோ பெரும்பாலும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும்.

முளைத்து வரும் முதல் தலைமுறையைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். குட்டையும் நோஞ்சானுமான செடிகள், பதர் நிறைந்த கதிர்கள். ஆனால் அவை கதிர்வீச்சுப் பட்ட காயங்கள்; மரபில் ஏறியவை அல்ல. உண்மையான மாற்றங்கள் இணை மரபணுவின் மறைவில் ஒளிந்திருக்கும். அதிலும் விதைக்குள் இருக்கும் கருவில் பல செல்கள் உண்டு. மாற்றம் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்திருந்தால், அந்தச் செல் தந்த தூரின் கதிரில் மட்டும்தான் அது இருக்கும். ஆகவே ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே அறுத்து, அடுத்த பருவத்தில் கதிருக்கு ஒரு வரிசையாக விதைக்கிறார்கள்.

இரண்டாம் தலைமுறையில்தான் திரை விலகுகிறது. நாற்றங்காலிலேயே பச்சையம் இல்லாத வெளிறிய நாற்றுகள் சில வரிசைகளில் தலைகாட்டும். இரண்டு வாரத்தில் அவை மடிந்துவிடும். விஞ்ஞானிகளுக்கு அவை நற்செய்தி. மரபு மாறியிருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி. நட்ட பிறகு ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே வெயிலிலும் சேற்றிலும் நடந்து, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தை விட ஒரு முழம் குட்டையாக, ஆனால் கதிர் குறையாமல் நிற்பது எது? பத்து நாள் முந்திப் பூத்தது எது? குறித்துக் கட்டிவைத்த செடிகளின் சந்ததி அடுத்தடுத்த தலைமுறைகளிலும் அதே குணத்தோடு வருகிறதா என்று பார்த்து, பல ஊர்த் திடல்களில் மகசூல் சோதனை நடத்தி, ரகமாக வெளியிட ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். கதிர்வீச்சு நிமிடக் கணக்கில் முடிந்துவிடும் வேலை. மற்றதெல்லாம் மனிதர்கள் வயலில் நடந்து செய்வது. இத்துறையின் பெருமை அந்த நடையில்தான் இருக்கிறது. அணுவின் பெயரைக் கேட்டவுடன் அதை மறந்துவிடுகிறோம்.

உயரமான நெல்லுக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இன்னும் நெட்டையாக வளரும். பால் பிடித்துக் கதிர் கனத்ததும் ஒரு மழைக்காற்றில் பயிர் சாயும். சேற்றில் கிடந்த நெல் முளைத்துவிடும். டெல்டா விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 இந்தக் குறையைத் தீர்த்தது. அதன் குட்டைத்தன்மை தீ-ஜியோ-வூ-ஜென் என்ற பழைய நெல்லிலிருந்து கலப்பின் மூலம் வந்தது. அதே 1966-இல் ஜப்பான் வெளியிட்ட ரெய்மெய் ரகமும் குட்டைதான். அதற்கு யாரும் கலப்புச் செய்யவில்லை. ஃபுஜிமினோரி என்ற ரகத்தின் விதைகளைக் காமாக் கதிருக்கு உட்படுத்தித் தேர்ந்தெடுத்தது அது. பத்து ஆண்டுகள் கழித்துக் கலிஃபோர்னியாவில் நீல் ரட்ஜர், அங்கே புகழ்பெற்றிருந்த கால்ரோஸ் நெல்லிலிருந்து இதே முறையில் கால்ரோஸ் 76-ஐக் கொண்டுவந்தார்.

ஆசியாவின் பழைய நெல்லில் இயற்கையாக வந்த குட்டை, ஜப்பானியக் கதிர்வீச்சு தந்த குட்டை, அமெரிக்கக் கதிர்வீச்சு தந்த குட்டை. இவை மூன்றும் ஒரே மரபணுவில் நேர்ந்தவை என்று 2002-இல் தெரிந்தது. நெல்லின் முதல் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணு, தண்டை நீளச்செய்யும் ஜிப்ரலின் ஹார்மோனைத் தயாரிக்க உதவும் நொதியைச் செய்கிறது. தீ-ஜியோ-வூ-ஜென்னில் அதிலிருந்து 383 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. ரெய்மெயிலும் கால்ரோஸ் 76-லும் ஆளுக்கோர் எழுத்து மாறியிருந்தது. ஒரு நீண்ட நூலில் மூன்று ஊர் அச்சுக்கோப்பவர்கள் ஒரே சொல்லில் பிழைவிட்டதைப் போன்றது இது. பயிர்ப்பெருக்க விஞ்ஞானிகளின் கண்கள் மூன்று நாடுகளிலும் ஒரே குணத்தைத் தேடியதே இந்த ஒற்றுமைக்குக் காரணம்.

பார்லியிலும் இதே கதைதான். செக்கோஸ்லோவாக்கியாவில் வால்டிட்ஸ்கி என்ற பார்லியிலிருந்து கதிர்வீச்சால் பிறந்த டயமண்ட் ரகம் 1965-இல் வெளியானது. தாயை விடச் சுமார் 15 செ.மீ. குட்டை, மகசூலோ சுமார் 12 சதவீதம் கூடுதல். அதன் குட்டைத்தன்மையைச் சுமந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. அங்கே செயல் குன்றியதும் ஜிப்ரலின் மரபணுவே, நெல்லின் அந்த மரபணுவுக்குப் பார்லியில் இருக்கும் இணை. பிரிட்டனில் மேத்தார்ப் பார்லியைக் காமாக் கதிருக்கு உட்படுத்திப் பெற்ற கோல்டன் ப்ராமிஸ், வேறொரு மரபணு மாறிக் குட்டையானது. ஸ்காட்லாந்தின் காற்றுக்குச் சாயாமல் நின்று, அங்குள்ள மால்ட் தொழிலைப் பல ஆண்டுகள் தாங்கியது.

நோய் எதிர்ப்பு என்றால் புதிய கவசம் ஒன்று வேண்டும் என்றுதான் தோன்றும். ஜெர்மனியில் ஃப்ரைஸ்லேபனும் லைனும் 1942-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு வேறு பாடம் சொன்னது. ஹைசா என்ற பார்லியில் எக்ஸ்-கதிர் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தது. அந்தச் செடியைச் சாம்பல் நோய்ப் பூஞ்சையால் தொற்ற முடியவில்லை. உள்ளே நுழைவதற்குப் பூஞ்சை நம்பியிருந்த கதவே அங்கே இல்லை. எதிர்ப்பு மரபணுக்கள் பலவற்றைச் சில ஆண்டுகளில் வென்றுவிடும் அந்தப் பூஞ்சை, இதை மட்டும் பல பத்தாண்டுகளாக வெல்ல முடியாமல் இருக்கிறது. சேதம் என்று ஸ்டாட்லர் ஒதுக்கியதன் மறுபக்கத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது கடினம்.

மனிதர்களின் நாக்குக்கும் இந்த முறை மதிப்புத் தந்திருக்கிறது. தாய்லாந்தின் வடகிழக்கில் வீடுகளில் சமைப்பது ஒட்டும் அரிசி. அந்நாட்டின் புகழ்பெற்ற மணமுள்ள மல்லிகை அரிசியோ ஒட்டாதது. அந்த நெல்லைக் காமாக் கதிருக்கு உட்படுத்தியபோது, மணம் அப்படியே இருக்க, மாவுப்பொருளில் அமைலோஸ் இல்லாமல் போய் அரிசி ஒட்டும் தன்மை பெற்ற ஒரு செடி கிடைத்தது. 1977-இல் ஆர்.டி. 6 என்ற பெயரில் வெளியான அந்த நெல் வடகிழக்குத் தாய்லாந்தின் அன்றாட உணவாகிவிட்டது. அதே தாயிலிருந்து அடுத்த ஆண்டு வந்த ஆர்.டி. 15 ஒட்டாதது, முன்னதாக விளைவது.

நாள் குறைவதன் மதிப்பைச் சொல்ல வங்கதேசத்துக்குப் போக வேண்டும். அதன் வடக்கே ரங்பூர் பகுதியில், நடவு முடிந்து அறுவடை தொடங்காத செப்டம்பர் முதல் நவம்பர் வரை, கூலி வேலையும் கிடைக்காது, வீட்டில் நெல்லும் இருக்காது என்ற நிலை இருந்தது. ‘மோங்கா’ என்று மக்கள் அழைத்த அந்தப் பசிக்காலம் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. வங்கதேச அணு வேளாண்மை நிறுவனம் ஒரு வியட்நாம் நெல்லிலிருந்து கதிர்வீச்சால் பெற்று, 2007-இல் வெளியிட்ட பினாதான் 7, நான்கு மாதத்துக்குள் விளைகிறது. வழக்கமான ரகங்களை விட ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே. கூலிக்காரருக்கு அறுவடை வேலை பசிக்காலத்திலேயே வந்துவிடும். காலியான வயலில் உருளைக்கிழங்கோ கடுகோ போடலாம். மகசூல் கணக்கில் மட்டும் இந்த ரகத்தை எடை போட்டால் அதன் அருமை புரியாது.

இந்தியாவில் இந்தப் பாதை 1930-களிலேயே தொடங்கிவிட்டது. நெல் மரபியலின் முன்னோடியான கே. ராமையாவும் என். பார்த்தசாரதியும் நெல் விதைகளை எக்ஸ்-கதிருக்கு உட்படுத்தி ஆராய்ந்தார்கள். ஒடிசாவில் டி 141 என்ற நெட்டை நெல்லிலிருந்து கதிர்வீச்சால் பெற்ற ஜெகன்னாத் ரகம் 1969-இல் வந்தது. கும்பகோணத்தில் பிறந்து கோவை வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன், டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் கோதுமையோடு செய்த வேலை பரவலாகத் தெரிந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த சொனோரா 64 நன்றாக விளைந்தது. ஆனால் மணி சிவப்பு. சப்பாத்திக்குப் பொன்னிற மணியையே விரும்பும் வட இந்தியச் சந்தையில் அதற்கு விலை இல்லை. கதிர்வீச்சுக்குப் பின் பொன்னிற மணியுள்ள செடிகளைத் தேர்ந்து, 1967-இல் சர்பதி சொனோரா வெளியானது. அதன் புரதத்தைப் பற்றி அன்று சொல்லப்பட்டவை பின்னர் பெரிய சர்ச்சையில் முடிந்தன. ஆனால் ஒரு நல்ல ரகத்தின் சந்தைக் குறை நிறத்தில் இருந்தது என்பதும், நிறம் மாறியது என்பதும் நின்றன.

கம்பின் கதை இன்னும் படிப்பினை உள்ளது. 1965-இல் வந்த முதல் வீரிய ஒட்டுக் கம்பும் அதைத் தொடர்ந்தவையும், அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து வந்த டிஃப்ட் 23ஏ என்ற ஒரே தாய் வரிசையை நம்பியிருந்தன. 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அந்தத் தாயின் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாக்கியது. கதிர் வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வந்து நின்றது. புதிய தாய் வரிசையைத் தேடி உருவாக்க நெடுங்காலம் ஆகும். டிஃப்டின் விதைகளையே காமாக் கதிருக்கு உட்படுத்தி, நோய் தாக்கும் வயலில் விதைத்து, பிழைத்த செடிகளிலிருந்து டெல்லியில் 5071ஏ என்ற வரிசையைப் பெற்றார்கள். பிறகு ஹைதராபாத் அருகே இக்ரிசாட் நிறுவனம், டிஃப்டின் குட்டை வடிவத்திலிருந்து இதே முறையில் 81ஏ வரிசையைப் பெற்றது; ஐ.சி.எம்.எச். 451 என்ற ஒட்டுக் கம்பு அதன் பிள்ளை. நோய்க்கு எதிராக அவகாசம் வாங்கித் தந்தது கதிர்வீச்சு. ஒரே தாயை நாடு முழுவதும் விதைக்கும் ஆபத்தை அது நீக்கவில்லை. அந்த எச்சரிக்கை இன்றைய நெல்லுக்கும் பொருந்தும்.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். பயிருக்குள் இல்லாத குணத்தைக் கதிர்வீச்சால் வரவழைக்க முடியாது. அதற்குக் காட்டு இனங்களோடு கலப்பு போன்ற வேறு வழிகள் வேண்டும். பல மரபணுக்கள் கூடி நிர்ணயிக்கும் மகசூல் போன்றவற்றை ஒரே அடியில் உயர்த்தவும் முடியாது. வேண்டிய மாற்றத்தோடு வேண்டாத சேதங்களும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைக் களையத் தாய் ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலக்க நேரும்.

பயன்படுத்தும் நோக்கமும் விவாதத்துக்குரியது. நாகினா 22 என்ற பழைய நெல்லை வேதிப்பொருளால் மாற்றியபோது, இமாசெத்தாபைர் களைக்கொல்லியைத் தாங்கும் செடி ஒன்று கிடைத்தது. அதை இனங்கண்ட கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் விஞ்ஞானி எஸ். ராபினின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அந்தக் குணத்தை ஏற்றிய பூசா பாஸ்மதி 1979, 1985 ஆகியவை 2021-இல் வெளியாயின. நேரடி விதைப்பில் களையெடுக்க ஆள் கிடைக்காத விவசாயிக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வயலில் களையாக முளைக்கும் காட்டு நெல்லும் நெல்லினம்தான். மகரந்தம் அங்கேயும் போகும். அமெரிக்காவில் இதே வகைத் தாங்குதிறனுள்ள நெல்லைப் பயிரிட்ட சில ஆண்டுகளிலேயே, களை நெல்லும் மருந்துக்கு அடங்காமல் போனது. பயிர்ச் சுழற்சி இல்லாமல் இந்த ரகங்களை ஆண்டுதோறும் விதைத்தால் இங்கும் அதுவே நடக்கும்.

கதிர்வீச்சு என்ற பெயரே பலருக்கு அச்சம் தருகிறது. அந்த அச்சத்தை எள்ளி நகையாடக் கூடாது. விளக்கிச் சொல்ல வேண்டும். காமாக் கதிர் ஒளியைப் போல ஊடுருவிப் போய்விடும், விதையில் தங்காது. விதை கதிரியக்கம் பெறுவதும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பதற்கு ஜப்பான் ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியை உண்டு, எலும்பு நொறுங்கும் இத்தாய்-இத்தாய் நோயால் துன்பப்பட்ட வரலாறு உண்டு. அந்நாட்டு விஞ்ஞானிகள் கோஷிஹிகாரி நெல்லைக் கார்பன் அயனிக் கற்றைக்கு உட்படுத்தி, மண்ணிலிருந்து காட்மியத்தை இழுக்கும் கடத்தி மரபணு செயலிழந்த செடியை 2012-இல் அறிவித்தார்கள். அதன் அரிசியில் காட்மியம் ஏறக்குறைய இல்லை. அதன் வழிவந்த ரகத்துக்கு அகிதா மாநிலம் 2025-இல் மாறியபோது எதிர்ப்பும் எழுந்தது. அந்தக் கடத்தி செடிக்கு வேண்டிய மாங்கனீசையும் இழுக்கிறது. மாங்கனீசு குறைந்த மண்ணில் பயிர் என்னவாகும் என்று கேட்பது நியாயமான கேள்வி. எந்த முறையில் பிறந்தது என்பதை விட, எந்தக் குணம் மாறியது, அதனால் வயலிலும் உடலிலும் என்ன ஆகும் என்றே மக்கள் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, சீரகச் சம்பா போன்ற பழைய நெல்களுக்கு இப்போது புது மதிப்பு வந்திருக்கிறது. அவற்றைக் காப்பாற்றி வைத்த விவசாயிகளுக்கு நாடே கடன்பட்டிருக்கிறது. ஆனால் பயிரிடுவோரைக் கேட்டால் ஒரே குறையைச் சொல்வார்கள்: நெட்டை, மழைக்குச் சாய்கிறது, வயதும் அதிகம். சத்தீஸ்கர் மாநிலத்திலும் இதே நிலை இருந்தது. அங்கே தூப்ராஜ் என்ற மணமுள்ள நெல்லும், சஃப்ரி 17-உம், விஷ்ணுபோக்கும் விவசாயிகள் விரும்பியும் கைவிட்ட ரகங்கள். ராய்ப்பூரில் உள்ள இந்திரா காந்தி வேளாண் பல்கலைக்கழகமும், மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து அவற்றின் விதைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தின. உயரமும் வயதும் குறைந்த வடிவங்கள் தேர்வாகி, ரகங்களாக வெளியாயின.

இங்கும் அதைப் பெரிய அளவில் செய்யலாம். செய்யும்போது மூன்று விஷயங்களில் பிடிவாதம் வேண்டும். மூல ரகத்தைத் தூய்மையாகத் தனியே வைத்திருக்க வேண்டும்; மாறிய வடிவத்துக்கு வேறு பெயர் கொடுத்து, பழையதோடு கலந்து விற்கவிடக் கூடாது. இரண்டாம் தலைமுறை வயலில் செடிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த நெல்லைப் பரம்பரையாகப் பயிரிட்டவர்களை அழைத்துவந்து அவர்கள் கண்ணையும் நம்ப வேண்டும். சோறு, அவல், கஞ்சி என்று அந்த அரிசி எதற்கெல்லாம் புழங்குகிறதோ அதையெல்லாம் சமைத்துப் பார்த்துவிட்டே ரகம் என்று அறிவிக்க வேண்டும். கோபால்ட் கருவி நாட்டில் இருக்கிறது; நெல் விஞ்ஞானிகள் கோவையிலும் ஆடுதுறையிலும் இருக்கிறார்கள்; விதை விவசாயிகளிடம் இருக்கிறது. அடுத்த சம்பாப் பருவத்துக்குள் முதல் தலைமுறை நாற்றங்காலை விட முடியும்.